சொந்தமாக எழுதிய குட்டி இயங்குதளத்தை ஜி.டி.பி.க்குப் பழக்குவது எப்படி?

பொகவந்தலாவைத் தம்பி கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் ட்ரஃப்களின் ஈரப்பதத்தைப் பார்த்து விசிறியை ஓட்டுகிற சின்ன போர்டு ஒன்றை நண்பர்கள் சேர்ந்து செய்திருக்கிறார்கள். 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் சிப். அதன்மேல் ஓடுவது அவர்களே எழுதிய குட்டி இயங்குதளம். ஜேடேக் (சிப்பை வெளியிலிருந்து நிறுத்திப் பார்க்க உதவும் கம்பி இணைப்பு) வழியாக ஜி.டி.பி.யை, அதாவது ஓடும் புரோகிராமை நிறுத்திப் பிழை தேட உதவும் டிபக்கரை, இணைத்தால் சிப் தெரிகிறது; ஆனால் அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க் (இயங்குதளம் மாறி மாறி ஓட்டும் வேலைகளில் ஒன்று) மட்டும்தான் தெரிகிறது, மற்ற டாஸ்க்குகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க வழியில்லை. இன்டரப்ட்டுக்குள் (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் கோடு) நிறுத்தினால் பேக்ட்ரேஸ், அதாவது யார் யாரை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல், இரண்டு வரியோடு குப்பையாகிவிடுகிறது. "எங்கள் இயங்குதளத்துக்கும் ப்ரொசசருக்கும் ஜி.டி.பி.யில் ஆதரவு சேர்ப்பது எப்படி, எந்த ஃபைலில் தொடங்குவது, இல்லை எல்.எல்.டி.பி. என்ற இன்னொரு டிபக்கருக்கே மாறிவிடலாமா?" இதுதான் கேள்வி. பின்னால் எஃப்.பி.ஜி.ஏ.யில் (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) சொந்தக் கட்டளைகள் சேர்க்கும் யோசனையும் இருக்கிறதாம்.

தம்பிக்கு உண்மையில் வேண்டியது என்னவென்றால், ராத்திரி போர்டு அசையாமல் நின்றுபோனால் எந்த டாஸ்க் எந்த வரியில் எதற்காகக் காத்து நின்றது என்ற விவரம். அதற்காக ஜி.டி.பி.யின் சோர்ஸ் கோடில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். ஏன் தொட வேண்டியதில்லை என்பது புரிய, அதற்குள் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். கம்பைலர், லிங்கர், டிபக்கர் என்று கருவிப் பக்க வேலையிலேயே பல வருடம் இருந்தவன் நான். கொழும்பில் இருந்த காலத்தில் புதிய ப்ரொசசர் ஒன்றுக்கு ஜி.டி.பி.யைக் கொண்டுபோன குழுவில் வேலை செய்தேன். இப்போது ஹட்டனில் இருந்தபடி அதே வேலை. ஜி.டி.பி. பற்றிச் சொல்வதைத் தெரிந்து சொல்கிறேன். உங்கள் போர்டைப் பற்றிச் சொல்வது ஊகம். அந்தந்த இடத்தில் ஊகம் என்றே குறிப்பிடுவேன்.

ஜி.டி.பி. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ ப்ரொசசர்கள் வந்து போய்விட்டதால், ப்ரொசசருக்கு ப்ரொசசர் மாறுகிற சங்கதிகளை எல்லாம் ஜி.டி.பி.ஆர்ச் என்ற ஒரே அமைப்புக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ரெஜிஸ்டர்கள் (ப்ரொசசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) எத்தனை, பெயர் என்ன, அகலம் என்ன, ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் விவரம் அடுக்கப்படும் மெமரி) எந்தப் பக்கம் வளரும், ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் வரும், பிரேக்பாயிண்ட்டுக்கு (ஓட்டத்தை நிறுத்தும் இடத்துக்கு) எந்த பைட்டுகளை எழுத வேண்டும் என்பவை எல்லாம் அதில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பப்படும். ஒவ்வொரு ப்ரொசசருக்கும் இதை நிரப்புகிற ஃபைலின் பெயர் 'டீடெப்' என்று முடியும். அந்த மெஷினிலேயே ஜி.டி.பி. ஓடும்போது தேவைப்படுகிற கோடு 'நாட்' என்று முடிகிற ஃபைலில் இருக்கும். முற்றிலும் புதிய ப்ரொசசர் என்றால் இதற்கும் முன்னால் இரண்டு வேலை உண்டு: எல்ஃப் என்ற கம்பைல் செய்த புரோகிராம் ஃபைலைப் படிக்கிற பி.எஃப்.டி. லைப்ரரிக்கு அந்த ப்ரொசசரைச் சொல்ல வேண்டும், கட்டளைகளைப் பிரித்துக் காட்டும் ஆப்கோட்ஸ் லைப்ரரியில் அட்டவணை எழுத வேண்டும். ரிஸ்க்-ஃபைவுக்கு இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. டீடெப் ஃபைல் 2018இலேயே அதிகாரபூர்வமாகச் சேர்ந்துவிட்டது. ஆக, கேள்வியில் ப்ரொசசர் பாதி ஏற்கெனவே தீர்ந்த பாதி.

இருந்தாலும் அந்த ஃபைலைத் திறந்து ஒருமுறை படியுங்கள் என்பேன். பிரேக்பாயிண்ட் மாதிரி எளிதாகத் தெரிகிற விஷயத்திலேயே எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது பாருங்கள். ரிஸ்க்-ஃபைவில் ஈ-பிரேக் கட்டளை 4 பைட். சுருக்கப்பட்ட கட்டளைத் தொகுதி இருந்தால் அதே வேலைக்கு 2 பைட் வடிவமும் உண்டு. 2 பைட் கட்டளை இருக்கிற இடத்தில் 4 பைட் ஈ-பிரேக்கை எழுதினால் அடுத்த கட்டளையும் சேர்ந்து அழியும். வேறொரு பாதையிலிருந்து அந்த அடுத்த கட்டளைக்கு நேராகத் தாவி வருகிற கோடு இருந்தால் அங்கே என்ன ஓடும் என்று சொல்லவே முடியாது. அதனால்தான் ஜி.டி.பி. அந்த முகவரியில் இருக்கும் கட்டளையின் கடைசி இரண்டு பிட்டைப் பார்க்கிறது: இரண்டும் 1 என்றால் நீளக் கட்டளை, இல்லாவிட்டால் 2 பைட். இன்டெல் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பிரேக்பாயிண்ட் கட்டளை ஒரே பைட், ஹெக்ஸில் சி-சி. ஆனால் அது ஓடி முடிந்த பிறகு புரோகிராம் கவுண்டர் (ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) ஒரு பைட் தள்ளி நிற்கும், டிபக்கர் அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் கவுண்டர் ஈ-பிரேக்கிலேயே நிற்கும், இழுத்தால் தப்பு. டீடெப் என்பது இந்த மாதிரிச் சின்னச் சின்ன உண்மைகளின் கூட்டம்தான். கோடு ஃபிளாஷில் ஓடுகிறது என்றால் எழுதி வைக்கிற பிரேக்பாயிண்ட்டே கிடையாது, சிப்பிலுள்ள ஹார்ட்வேர் டிரிகர்கள்தான். அவை சொற்பமாகத்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு போர்ட் (புதிய ப்ரொசசருக்கு ஜி.டி.பி.யைக் கொண்டுபோன வேலை) நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இதுவும் இல்லை, அன்வைண்டிங். அதாவது இப்போதைய ஃபங்ஷனை அழைத்தவர் யார், அவரை அழைத்தவர் யார் என்று ஸ்டாக்கில் பின்னோக்கி நடப்பது. ஜி.டி.பி. இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. முதலில் கம்பைலர் எழுதிவைத்த ட்வார்ஃப் என்ற டிபக் தகவலில் சி.எஃப்.ஐ. என்ற பகுதியைப் பார்க்கும்: இந்த முகவரியில் நிற்கும்போது பழைய ஸ்டாக் பாயிண்டர் எங்கே, ரிட்டர்ன் அட்ரஸ் எங்கே, காப்பாற்றி வைத்த ரெஜிஸ்டர்கள் எங்கே என்பதற்கான அட்டவணை அது. அது இல்லாவிட்டால் ஃபங்ஷனின் ஆரம்பக் கட்டளைகளைத் தானே படித்து, ஸ்டாக் எவ்வளவு இறங்கியது, எதை எங்கே வைத்தது என்று அனுமானிக்கும். சி-யில் எழுதிய கோடுக்கு முதல் வழி பிசகாது. உங்கள் இன்டரப்ட் நுழைவாயில் கையால் எழுதிய அசெம்பிளி. அதற்கு சி.எஃப்.ஐ.யை யாரும் எழுதித் தந்திருக்க மாட்டார்கள். அனுமானமும் அங்கே தோற்கும், ஏனென்றால் அது சாதாரண ஃபங்ஷன் மாதிரி ஆரம்பிப்பதில்லை. இரண்டு வரியில் குப்பையாவதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். டாஸ்க்கின் ஸ்டாக் நிரம்பி வழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: தொடக்கத்தில் ஒவ்வொரு ஸ்டாக்கையும் ஹெக்ஸில் ஏ5 என்ற பைட்டால் நிரப்பிவிட்டு, உறைந்த பிறகு அடிநுனியில் ஏ5 மிச்சம் இருக்கிறதா என்று மெமரியைப் பாருங்கள். மிச்சமில்லை என்றால் டிபக்கரை விட்டுவிட்டு ஸ்டாக்கின் அளவைக் கூட்டுங்கள்.

சி.எஃப்.ஐ.தான் குறை என்றால், அசெம்பிளியிலேயே அதற்கான குறிப்புகளை எழுத வேண்டும்: ஸ்டாக் இத்தனை பைட் இறங்கியது, இந்த ரெஜிஸ்டர் இந்தத் தூரத்தில் இருக்கிறது என்று வரிக்கு வரி. இதில் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. சாதாரண ஃப்ரேமில் ரிட்டர்ன் அட்ரஸ் என்பது ஃபங்ஷனை அழைக்கும் கட்டளைக்கு அடுத்த முகவரி. அது சில நேரம் அடுத்த ஃபங்ஷனின் தொடக்கமாகவே விழுந்துவிடும். அதனால் டிபக்கர் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் அட்டவணையில் தேடும். இன்டரப்ட்டால் வெட்டப்பட்ட ஃபங்ஷனுக்கு அப்படிக் கழிக்கக் கூடாது, நின்ற இடம் அதேதான். இதைத் தெரிவிக்க 'சிக்னல் ஃப்ரேம்' என்ற குறிப்பை அந்த நுழைவாயிலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பெரும்பாலும் சரியாக வரும். ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே இன்டரப்ட் விழுந்த அன்றைக்கு மட்டும் தவறான பெயரைக் காட்டும். அப்படி ஒரு நாள் முழுக்க அலைக்கழிய வேண்டாம். அதேபோல ஒவ்வொரு டாஸ்க்கின் முதல் ஃபங்ஷனிலும் நடை முடிய வேண்டும். டாஸ்க்கை உருவாக்கும்போது ரிட்டர்ன் அட்ரஸ் ரெஜிஸ்டரை 0 ஆக வையுங்கள், அந்தத் தொடக்கத் துண்டின் சி.எஃப்.ஐ.யில் ரிட்டர்ன் அட்ரஸ் 'வரையறுக்கப்படாதது' என்று எழுதுங்கள். இது இல்லாமல் பேக்ட்ரேஸ் ஸ்டாக்கைத் தாண்டி யாருடைய மெமரிக்குள்ளாவது நடந்துகொண்டே இருக்கும்.

இனி இயங்குதளப் பாதி. லினக்ஸ் மாதிரி ஒன்றுக்கு ஜி.டி.பி.க்குள் ஆதரவு என்றால் ஓ.எஸ்.ஏ.பி.ஐ. என்ற இரண்டாவது அடுக்கு. எல்ஃப் தலைப்பையும் நோட் பகுதியையும் மோந்து பார்த்து இது எந்த இயங்குதளத்து ஃபைல் என்று முடிவுசெய்து, சிக்னல் வந்தால் கர்னல் ஸ்டாக்கில் என்ன அடுக்குகிறது, ஷேர்ட் லைப்ரரிகளின் பட்டியல் எங்கே, கோர் ஃபைலில் (விழுந்த கணத்தின் மெமரி நகல்) ரெஜிஸ்டர்கள் எந்த வரிசையில் என்பதையெல்லாம் நிரப்பும். உங்களிடம் ஷேர்ட் லைப்ரரி இல்லை, சிக்னல் இல்லை, பயனர் பக்கம், கர்னல் பக்கம் என்ற பிரிவும் இல்லை. இருப்பது டாஸ்க்குகள் மட்டும். டாஸ்க்குகளை ஜி.டி.பி.க்குக் காட்ட வேண்டிய இடம் ஜி.டி.பி. இல்லை, அதனோடு மறுமுனையில் பேசுகிற ஸ்டப் என்ற புரோகிராம். பெரட்டுக்களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆள் பிரிக்கும் இடம்) செக்ரோல், அதாவது பேர்ப் பதிவேடு, யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தானே ஆள்கணக்கைக் கேட்போம், அதுபோலத்தான். ஜேடேக் பாதையில் அந்த இடத்தில் இருப்பது ஓப்பன்-ஓ.சி.டி. என்ற புரோகிராம். போர்டுக்குள்ளேயே சீரியல் போர்ட்டில் ஒரு ஸ்டப்பை நீங்களே எழுதினாலும் அது அதே இடம்தான்.

ஜி.டி.பி.யும் ஸ்டப்பும் பேசுகிற மொழி மிகவும் எளிமையானது. டாலர் குறி, செய்தி, ஹாஷ் குறி, பிறகு இரண்டு இலக்க செக்சம். செய்தியிலுள்ள எழுத்துகளின் கோட் எண்களைக் கூட்டி 256ஆல் வகுத்த மீதிதான் செக்சம். எல்லா ரெஜிஸ்டரையும் கேட்பதற்கு 'ஜி' என்ற ஒற்றைச் சின்ன எழுத்து போதும். அதன் கோட் ஹெக்ஸில் 67, ஆகவே கம்பியில் போவது டாலர், ஜி, ஹாஷ், 67. ஒழுங்காக வந்தால் மறுமுனை கூட்டல் குறி அனுப்பும், கெட்டுப்போனால் கழித்தல் குறி, உடனே திரும்ப அனுப்ப வேண்டும். ரோலர் மோட்டார்கள் ஓடுகிற ஃபெக்டரியில் நீளமான சீரியல் கம்பி போட்டவர்களுக்கு இந்தக் கழித்தல் குறியின் அருமை தெரியும். இந்த உறுதிப்படுத்தலை நிறுத்திவைக்க ஒரு வசதி நெறிமுறையில் இருக்கிறது. மேசையில் வைத்து வேலை செய்யும்போது அது வேகம் தரும், ஃபெக்டரிக் கம்பியில் உறுதிப்படுத்தலை எடுத்துவிடாதீர்கள். பதிலில் ரிஸ்க்-ஃபைவின் 32 ரெஜிஸ்டரும் புரோகிராம் கவுண்டரும் வரிசையாக ஹெக்ஸில் போகும், சிறிய பைட் முதலில்: 20001234 என்ற முகவரி 34120020 என்று போகும். ஆக மொத்தம் 264 எழுத்து.

டாஸ்க்குகளுக்குத் தேவையானவை நான்கைந்து பாக்கெட்டுகள்தான். திரெட் (டாஸ்க்குக்கு ஜி.டி.பி. சொல்லும் பெயர்) பட்டியல் கேட்கும் பாக்கெட், 'இனி நான் கேட்பது இந்தத் திரெட்டுக்கு' என்று சொல்லும் பாக்கெட், அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதற்கு ஒன்று, அதன் பெயரும் நிலையும் கேட்க ஒன்று. எண் கொடுக்கும்போது 1இலிருந்து தொடங்குங்கள். இந்த நெறிமுறையில் 0 என்றால் 'ஏதாவது ஒன்று', கழித்தல் 1 என்றால் 'எல்லாம்' என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க் என்றால் உண்மையான ரெஜிஸ்டர்களைக் கொடுக்க வேண்டும். தூங்கும் டாஸ்க் என்றால் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சில் (ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது) காப்பாற்றி வைத்தவற்றை அதன் ஸ்டாக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. டாஸ்க் தானாக இடம் விட்டுக் கொடுத்திருந்தால் உங்கள் ஸ்விட்ச் ஃபங்ஷன் ரிட்டர்ன் அட்ரஸையும் எஸ்-0 முதல் எஸ்-11 வரையும்தான் வைத்திருக்கும். தற்காலிக ரெஜிஸ்டர்களும் ஏ-வரிசை ரெஜிஸ்டர்களும் எங்கேயும் இல்லை. அவற்றுக்குப் பூஜ்யம் அனுப்பாதீர்கள். இலக்கங்களுக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்தை நிரப்பினால் ஜி.டி.பி. 'கிடைக்கவில்லை' என்று காட்டும். பூஜ்யம் அனுப்பினால் ஃபங்ஷனுக்குள் வந்த பாயிண்டர் பூஜ்யம் என்று நம்பி, இல்லாத பிழையைத் தேடிக்கொண்டு போவீர்கள். ஸ்டாக் பாயிண்டரையும் தனியாகச் சேமித்திருக்க மாட்டீர்கள். காப்பாற்றிய தொகுதி தொடங்கும் முகவரியோடு அதன் நீளத்தைக் கூட்டிக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஓப்பன்-ஓ.சி.டி.க்குள் செய்வதென்றால், ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ்., த்ரெட்-எக்ஸ், சிபி-ஓ.எஸ்., செஃபிர் முதலிய சின்ன இயங்குதளங்களுக்கு ஒவ்வொரு சி ஃபைல் இருக்கிறது. அவற்றில் சின்னதாக ஒன்றைப் பார்த்து உங்களுடையதை எழுதலாம். எந்த சிம்பல்கள் வேண்டும் என்ற பட்டியலைக் கொடுத்தால் ஜி.டி.பி. எல்ஃப் ஃபைலிலிருந்து முகவரிகளைச் சொல்லிவிடும். சங்கடம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. டாஸ்க் ஸ்ட்ரக்சரில் பெயர் எத்தனையாவது பைட், அடுத்த டாஸ்க்கின் பாயிண்டர் எத்தனையாவது பைட் என்பதை அங்கே எண்ணாக எழுதிவைத்தால், நீங்கள் ஸ்ட்ரக்சரில் ஒரு வரி சேர்த்த அன்றைக்கே அது பொய்யாகிவிடும். ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ். ஒரு பதிப்பில் ஒரு வேரியபிளை எடுத்துவிட்டது, ஓப்பன்-ஓ.சி.டி. அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது, இன்றைக்கும் பலர் அந்த ஒற்றை வேரியபிளைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணை ஃபைலைத் தங்கள் புராஜெக்டில் சேர்த்துத்தான் கம்பைல் செய்கிறார்கள். செஃபிர் இதைப் புத்திசாலித்தனமாகச் செய்திருக்கிறது: அந்தத் தூரங்களை எல்லாம் ஒரு மாறிலி அட்டவணையாக இயங்குதளமே தனக்குள் வைத்திருக்கும், டிபக்கர் பக்கம் அதைப் படித்துக்கொள்ளும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாரும் பயன்படுத்தவில்லை என்று லிங்கர் அந்த அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடும், ஆகவே லிங்கர் ஸ்கிரிப்டில் 'கீப்' போட மறக்க வேண்டாம். இன்னொன்று, நிறுத்திய கணம் ஷெட்யூலர் லிஸ்டைப் பாதி மாற்றிக்கொண்டிருக்கும் கணமாகவும் இருக்கலாம். பட்டியலில் நடக்கும் லூப்புக்கு ஒரு மேல் வரம்பு, ஒவ்வொரு பாயிண்டரும் ரேமுக்குள் இருக்கிறதா என்ற சோதனை, இரண்டும் கட்டாயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் செய்வது இதில் எதையும் இல்லை. ஓடுகிற ஃபெக்டரியில் பிரேக்பாயிண்ட் வைப்பது என்பது நடக்கிற காரியமா? ப்ரொசசரை நிறுத்தினால் விசிறி அந்த நிலையிலேயே நிற்கும், அல்லது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி வாட்டத்தின் நடுவில் அதற்கு எந்த டீ மேக்கரும் சம்மதிக்க மாட்டார். பக் வருவதும் நீங்கள் லேப்டாப்போடு அங்கே இல்லாத நேரத்தில்தான். மழைக்காலத்தில் மஸ்கெலியா பக்கத் தோட்டத்துக்கு ஒரு முறை போய் வருவதே ஒரு நாள் வேலை, ஃபோன் சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே விழுந்த கணத்தின் மெமரியை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஏற்பாடுதான் உங்களுக்குப் பொருந்தும். பிழை வந்து ட்ராப்புக்குள் (பிழை வந்தால் ப்ரொசசர் தாவி ஓடும் கோடு) விழுந்தால், ரெஜிஸ்டர்களை ரீசெட்டில் துடைக்கப்படாத ரேம் பகுதி ஒன்றில் எழுதி, கூடவே ஒரு அடையாள எண்ணையும் செக்சம்மையும் வைத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். ஃபிளாஷுக்கு எழுதும் வேலையை மறுதொடக்கத்துக்குப் பிறகு செய்வது நல்லது. விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஸ்டாக்கையோ டிரைவரையோ நம்ப முடியாது. தொடக்கக் கோடு வேரியபிள்களைப் பூஜ்யமாக்கும் முன்பே இந்த நகல் எடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க வேண்டிய டாஸ்க் பட்டியலே துடைக்கப்பட்டிருக்கும். வாட்ச்டாக் (போர்டு உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) நேராக ரீசெட் அடித்துவிட்டால் ஓடிக்கொண்டிருந்த டாஸ்க்கின் ரெஜிஸ்டர்கள் போய்விடும். அப்போதும் ரேம் பெரும்பாலும் தப்பியிருக்கும், தூங்கிக்கொண்டிருந்த டாஸ்க்குகள் அத்தனையையும் படிக்கலாம். 'பெரும்பாலும்' என்று சொல்வது, அது சிப்புக்கு சிப் மாறும் என்பதால். உங்கள் சிப்பின் டேட்டாஷீட்டில் ரீசெட் பகுதியைப் பாருங்கள்.

அந்த நகலை ஜி.டி.பி.க்குள் எப்படிக் கொண்டுவருவது? முறைப்படி என்றால் எல்ஃப் கோர் ஃபைலாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு நோட், அதில் எக்ஸ்-0க்கான இடத்தில் புரோகிராம் கவுண்டர், பிறகு எக்ஸ்-1 முதல் 31 வரை. அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. அந்தப் பாக்கெட் மொழியில் பதில் சொல்லத் தெரிந்த எதுவும் ஜி.டி.பி.க்கு ஒரு டார்கெட்தான். மறுமுனையில் சிப் இருக்கிறதா, ஒரு ஃபைல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. லேப்டாப்பில் ஒரு பைதன் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: நகல் ஃபைலைத் திறந்து, மெமரி கேட்டால் அதிலிருந்து கொடுத்து, திரெட் பட்டியல் கேட்டால் டாஸ்க் லிஸ்டில் நடந்து சொல்ல வேண்டும். ஓடு, அடி எடுத்துவை என்ற கட்டளைகளுக்கு மறுப்பு. செஃபிரின் கோர்டம்ப் வசதியும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. ஜி.டி.பி. இப்படிப்பட்ட புரோகிராமை பைப் வழியாகத் தானே தொடங்கி இணைத்துக்கொள்ளும். டாஸ்க் லிஸ்டில் நடக்கும் முறையை இங்கே ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், பிறகு ஓப்பன்-ஓ.சி.டி.க்கு சி-யில் எழுதும்போது அதே முறைதான். வெளியே அனுப்பிய ஒவ்வொரு பில்டின் எல்ஃப் ஃபைலையும் பத்திரப்படுத்தி, பில்ட் ஐ.டி.யை நகலுக்குள்ளும் சேர்த்துவிடுங்கள். வேறு பில்டின் எல்ஃப்பைக் கொடுத்தால் ஜி.டி.பி. எதுவும் சொல்லாமல் நம்பிக்கையோடு தவறான வரிகளைக் காட்டும்.

எல்.எல்.டி.பி. பற்றி: அதை நான் தினமும் பயன்படுத்துபவன் அல்ல, ஆகவே இந்தப் பகுதியை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளமைப்பு ப்ளக்-இன்களாகப் பிரிந்தது, கட்டளைகளைப் பிரிப்பது எல்.எல்.வி.எம்., சி வெளிப்பாடுகளைப் புரிந்துகொள்வது கிளாங். உங்கள் விஷயத்தில் ஒரு இடத்தில் அது ஜி.டி.பி.யை முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: இயங்குதள ப்ளக்-இன்னை பைதனிலேயே எழுதலாம். மெமரியைப் படித்து டாஸ்க்குகளின் பட்டியலையும் ரெஜிஸ்டர்களையும் திருப்பித் தந்தால் அவை திரெட்டுகளாகவே தெரியும். ஜி.டி.பி.யில் பைதனால் அன்வைண்டர் எழுதலாம், மதிப்புகளை அழகாகக் காட்டலாம், ஆனால் புதிய திரெட்டை உருவாக்க முடியாது. அதற்காக மாறச் சொல்ல மாட்டேன். எல்.எல்.டி.பி.யும் அதே பாக்கெட் மொழி பேசும். ஆகவே ஸ்டப் பக்கம் நீங்கள் செய்கிற வேலை இரண்டுக்கும் செல்லும், ப்ளக்-இன்னில் செய்தது ஒன்றுக்கு மட்டும்தான். உங்கள் கம்பைலர் கிளாங் என்றால் மட்டும் மறுயோசனை செய்யலாம்.

எஃப்.பி.ஜி.ஏ.யில் சொந்தக் கட்டளைகள் சேர்க்கும்போது ரிஸ்க்-ஃபைவ் அதற்கென்றே விட்டுவைத்திருக்கும் கஸ்டம் ஆப்கோட் பகுதிகளைப் பயன்படுத்துங்கள். கஸ்டம்-0, கஸ்டம்-1 இரண்டும் தரப்படுத்தப்பட்ட விரிவாக்கங்களோடு மோதாது. அசெம்பிளரில் 'டாட் இன்ஸ்ன்' என்ற வழியாக அவற்றைக் கருவியை மாற்றாமலே எழுதலாம்; டிஸ்அசெம்பிளியில் வெறும் எண்ணாகத் தெரியும், அவ்வளவுதான் நட்டம். பெயரோடு தெரிய வேண்டுமென்றால் ஆப்கோட்ஸ் அட்டவணையில் கட்டளைக்கு ஒரு வரி. கட்டளைகள் கணக்குப் போடுபவையாக இருக்கும் வரை டிபக்கருக்குக் கவலையில்லை. தாவுகிற கட்டளையைச் சேர்த்தால்தான் சிக்கல்: அடுத்து எங்கே போகும் என்று மென்பொருள் வழியில் கணித்து ஒவ்வொரு அடியாக நகர்கிற எந்த ஸ்டப்பும் அதில் தடுமாறும். புதிய ரெஜிஸ்டர்கள் வந்தால் ஜி.டி.பி.யைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. ஸ்டப் கொடுக்கும் டார்கெட் விவரண எக்ஸ்.எம்.எல்.லில் உங்கள் பெயரில் ஒரு பகுதியைச் சேர்த்தால் அவையும் ரெஜிஸ்டர் பட்டியலில் வந்து நிற்கும். ஆனால் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சில் அவற்றைக் காப்பாற்றுகிறீர்களா என்பது உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் தூங்கும் டாஸ்க்குகளுக்கு அங்கேயும் எக்ஸ்தான்.

நீங்கள் எந்தச் சிப் என்று எழுதவில்லை, கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் கோடையும் போடவில்லை. இன்டரப்ட் நுழைவாயில் அசெம்பிளி, டாஸ்க் ஸ்ட்ரக்சர், லிங்கர் ஸ்கிரிப்ட் மூன்றையும் இதற்குக் கீழே ஒட்டுங்கள் தம்பி. சி.எஃப்.ஐ. குறிப்புகளை எந்தெந்த வரியில் வைக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.